அமெரிக்காவில் வெளிமாநில அரசுப் பல்கலைக்கழகம்: செலவும் பொருத்தமும் பார்த்துத் தேர்ந்தெடுக்க முழு வழிகாட்டி

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஆன் ஆர்பர் வளாகத்தில் வெளிமாநில மாணவருக்கு டியூஷன் (கல்விக் கட்டணம்) மட்டுமே ஆண்டுக்கு 60,000 டாலரைத் தாண்டிவிட்டது. வட கரோலினாவில் நான்கு அரசுப் பல்கலைக்கழகங்களில் வெளிமாநிலத்திலிருந்து வரும் மாணவருக்கும் ஒரு செமஸ்டருக்கு 2,500 டாலர்தான் டியூஷன். இரண்டு இடத்திலும் உங்கள் பிள்ளை வெளிமாநிலத்துக்காரர்தான். அதனால் "அவுட் ஆஃப் ஸ்டேட் என்றாலே நமக்குக் கட்டுப்படியாகாது" என்று ஒரேயடியாக ஒதுக்கிவிடவும் வேண்டாம். பெயருக்காக எப்படியாவது கட்டிவிடலாம் என்று இறங்கவும் வேண்டாம்.

வெளிமாநிலம் பக்கம் ஏன் போக வேண்டும் என்று கேட்டால், காரணம் ஒவ்வொரு வீட்டுக்கும் வேறு. கலிஃபோர்னியாவில் நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளைக்கும் பெர்க்லியிலோ யுசிஎல்ஏவிலோ கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைப்பதில்லை. வாஷிங்டன் மாநிலத்திலும் டெக்சஸிலும் இதே கதைதான். பென்சில்வேனியாவில் வேறு சிக்கல்: சொந்த மாநிலப் பல்கலைக்கழகங்களின் கட்டணமே நாட்டில் மிக அதிகமான வரிசையில் இருக்கிறது. ஆகவே சலுகை கிடைத்த வெளிமாநிலக் கல்லூரி உள்ளூர்க் கல்லூரியைவிட மலிவாக அமைவதும் உண்டு.

இந்தத் தேடலில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் அதன்பின் வரும். வெளிமாநில மாணவருக்கான சலுகைகளில் பெரும்பகுதி எழுதப்பட்ட விதியாகவே இருக்கிறது. எந்த மாநிலத்தவருக்கு, எந்த ஜிபிஏவுக்கு (பள்ளி மதிப்பெண் சராசரி), எந்த எஸ்ஏடி (கல்லூரி நுழைவுத் தேர்வு) மதிப்பெண்ணுக்கு எவ்வளவு என்று பல்கலைக்கழகமே வெளியிட்டிருக்கும். முதலில் அந்த விதிகளைத் தேடிப் பட்டியல் போடுங்கள். தரவரிசையைப் பார்த்துப் பட்டியல் போட்டுவிட்டு ஏப்ரல் மாதம் சலுகை வருமா என்று காத்திருக்கும் வீடுகளில்தான் பிள்ளையும் பெற்றோரும் மனம் நொந்துபோகிறார்கள்.

முதல் படி: நான்கு ஆண்டுக்கான ஒரு தொகை

எந்தக் கல்லூரியின் பெயரையும் எடுப்பதற்கு முன், வீட்டில் உட்கார்ந்து நான்கு ஆண்டுக்கும் சேர்த்து எவ்வளவு செலவழிக்க முடியும் என்று ஒரே ஒரு தொகையை எழுதுங்கள். 529 கணக்கில் (கல்விக்கான வரிச்சலுகைச் சேமிப்பு) இருப்பது, மாதச் சம்பளத்திலிருந்து ஒதுக்கக்கூடியது, பிள்ளை கோடையில் சம்பாதிப்பது எல்லாம் அதில் சேரும். ஒரு மாநிலத்தில் தொடங்கிய 529 பணத்தை வேறு மாநிலக் கல்லூரிக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

கடனுக்கு வரம்பு உண்டு. பெற்றோரைச் சார்ந்திருக்கும் மாணவர் தன் பெயரில் வாங்கக்கூடிய மத்திய அரசுக் கடன் முதலாண்டு 5,500, இரண்டாம் ஆண்டு 6,500, அதன்பின் ஆண்டுக்கு 7,500 டாலர். நான்கு ஆண்டில் மொத்தம் 27,000. பெற்றோர் வாங்கும் பேரன்ட் பிளஸ் கடனுக்கும் இப்போது உச்சவரம்பு வந்துவிட்டது: 2026 ஜூலை 1 முதல் புதிதாக வாங்குவோருக்கு ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000, மொத்தத்தில் 65,000 டாலர். வெளிமாநிலக் கட்டணத்தை முழுக்கக் கடனிலேயே கட்டிவிடலாம் என்ற பழைய நினைப்புக்கு இனி இடம் குறைவு. அதற்கு மேல் வேண்டுமென்றால் தனியார் வங்கிதான். அங்கே பெரும்பாலும் பெற்றோர் கையெழுத்தும் கேட்பார்கள். என் கருத்தில், தனியார் கடன் இல்லாமல் முடிக்க முடியாத கல்லூரி பட்டியலிலேயே இருக்கக் கூடாது.

அடுத்து, கல்லூரி கேட்கும் தொகையைச் சரியாகப் படிக்க வேண்டும். டியூஷன் என்பது ஒரு பகுதிதான். தங்குமிடம், சாப்பாடு, கட்டாயக் கட்டணங்கள், புத்தகம், போக்குவரத்து எல்லாம் சேர்ந்ததைத்தான் 'காஸ்ட் ஆஃப் அட்டெண்டன்ஸ்' என்று போடுகிறார்கள். ஓர் உதாரணம் பார்ப்போம். டியூஷனும் கட்டணமும் 30,000, தங்குமிடமும் சாப்பாடும் 14,000, மற்றவை 4,000 என்றால் முதலாண்டு 48,000 டாலர். இதை நான்கால் பெருக்கி 1,92,000 என்று நிறுத்திவிடாதீர்கள். ஆண்டுக்கு 4 சதவீதம் உயர்ந்தால் மொத்தம் ஏறக்குறைய 2,04,000 ஆகிவிடும். ஆண்டுக்கு 15,000 ஸ்காலர்ஷிப் கிடைத்தால் 60,000 கழியும், மீதி 1,44,000. கட்டணம் ஏறும், ஸ்காலர்ஷிப் தொகை பெரும்பாலும் ஏறாது. அதனால் நான்காம் ஆண்டில் நீங்கள் கட்டுவது முதலாண்டைவிடக் கணிசமாகக் கூடும்.

இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீடு என்றால் 'நீட்' அடிப்படையிலான உதவியை, அதாவது குடும்பத்தின் பணத் தேவையைப் பார்த்துத் தரும் உதவியை, எதிர்பார்க்க வேண்டாம். 2024-25 கல்வியாண்டிலிருந்து ஃபாஃப்சா என்ற மத்திய அரசு உதவிக்கான படிவம் தரும் எஸ்ஏஐ (குடும்பத்தால் எவ்வளவு கட்ட முடியும் என்ற மதிப்பீடு) என்ற எண்ணில், ஒரே நேரத்தில் இரண்டு பிள்ளைகள் கல்லூரியில் படித்தால் கிடைத்துவந்த தள்ளுபடியும் போய்விட்டது. இரண்டு ஆண்டு இடைவெளியில் பிள்ளைகள் இருக்கும் குடும்பங்கள் இதைக் கவனமாகக் கணக்கில் எடுக்க வேண்டும். மூத்தவருக்கு மொத்தச் சேமிப்பையும் கரைத்துவிட்டு இளையவரிடம் கையை விரிப்பது நியாயமில்லை.

தொகை முடிவானதும் பிள்ளையிடம் அதைச் சொல்லிவிடுங்கள். பத்தாம் அல்லது பதினொன்றாம் வகுப்பிலேயே. "நீ படி, பணத்தைப் பற்றி நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்வது நம் வழக்கம், பாசத்தில்தான் சொல்கிறோம். ஆனால் அந்தப் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு ஏப்ரலில், இடம் கிடைத்த பிறகு, "முடியாது" என்ற வார்த்தையைக் கேட்பது அதைவிடக் கொடுமை.

இரண்டாம் படி: விசாவும் வசிப்பிடமும்

இங்கே பல தமிழ்க் குடும்பங்களுக்குத் தனியான சிக்கல்கள் உண்டு. பிள்ளை அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ வைத்திருந்தால் மத்திய அரசு உதவிக்கும் கடனுக்கும் தகுதி உண்டு. பெற்றோர் எச்-1பி வேலை விசாவில் இருந்தாலும், இங்கே பிறந்த பிள்ளைக்கு அந்தத் தகுதி போகாது. ஃபாஃப்சா தயங்காமல் போடலாம். எச்-4 விசாவில் (எச்-1பிக்காரரைச் சார்ந்தவருக்கானது) இருக்கும் பிள்ளைக்கு மத்திய அரசு உதவியும் கடனும் கிடைக்காது. ஆனால் பல்கலைக்கழகம் தன் பணத்தில் தரும் மெரிட் (மதிப்பெண், திறமை அடிப்படையிலான) ஸ்காலர்ஷிப் கிடைக்கக்கூடும். சில கல்லூரிகள் எச்-4 மாணவரை உள்நாட்டு மாணவராகவும், சில சர்வதேச மாணவராகவும் வைக்கின்றன. இதை இணையதளத்தில் படித்ததோடு விடாமல், அட்மிஷன் அலுவலகத்திடம் மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எச்-4 பிள்ளைக்கு 21 வயது ஆகும்போது அந்த விசா முடிந்துவிடும். கிரீன் கார்டு வரிசையில் இருக்கும் இந்தியக் குடும்பங்களில் இது பெரும்பாலும் கல்லூரியின் மூன்றாம் நான்காம் ஆண்டில் வந்து நிற்கிறது. எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறினால் ஸ்காலர்ஷிப் தொடருமா, கட்டண வகை மாறுமா என்று சேரும் முன்பே கேட்க வேண்டும். குடிவரவு வழக்கறிஞரிடம் பேச வேண்டிய விஷயமும் இதுதான்.

சொந்த மாநிலத்தில் உங்கள் பிள்ளைக்கு இன்ஸ்டேட் (உள்மாநிலத்தவர் கட்டணத்துக்கான) தகுதி உறுதியாக இருக்கிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். பெரும்பாலான மாநிலங்கள் 12 மாத வசிப்பைக் கேட்கின்றன. வேலைக்காக அண்மையில் மாநிலம் மாறிய குடும்பத்துக்கு இது தட்டலாம். சொந்த மாநில விலைதான் மற்ற எல்லாவற்றையும் ஒப்பிடுவதற்கான அளவுகோல்.

மூன்றாம் படி: சலுகை எங்கே விதியாக இருக்கிறது?

இதுதான் அதிக நேரம் செலவழிக்க வேண்டிய படி.

முதலில் பிராந்தியக் கூட்டணிகள். மேற்கு மாநிலங்களுக்கு 'வெஸ்டர்ன் அண்டர்கிராஜுவேட் எக்ஸ்சேஞ்ச்', சுருக்கமாக 'வூயி'. கலிஃபோர்னியா, வாஷிங்டன், ஓரிகன், அரிசோனா, கொலராடோ, நெவாடா, யூட்டா முதல் ஹவாய், அலாஸ்கா வரை இதில் உண்டு. இந்த மாநிலத்து மாணவர், பங்கேற்கும் வேறு மாநிலக் கல்லூரியில் சேர்ந்தால், அங்குள்ள இன்ஸ்டேட் டியூஷனில் அதிகபட்சம் 150 சதவீதம் கட்டினால் போதும். இன்ஸ்டேட் 10,000 என்றால் 15,000. முழு வெளிமாநிலக் கட்டணம் பெரும்பாலும் அதன் இரட்டிப்புக்கு மேல் இருக்கும் என்பதை நினைத்தால் இது பெரிய சேமிப்பு. ஆனால் எல்லாக் கல்லூரியும் பங்கேற்பதில்லை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் சியாட்டில் வளாகம் இதில் இல்லை, வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகம் இருக்கிறது. பங்கேற்கும் இடங்களிலும் நர்சிங் போன்ற சில மேஜர்களை (முதன்மைப் பாடப்பிரிவுகளை) விலக்கியிருப்பார்கள், சில இடங்கள் குறிப்பிட்ட ஜிபிஏ கேட்கும். உங்கள் மேஜர் சேர்ந்திருக்கிறதா என்று பெயர் பெயராகப் பாருங்கள்.

நடுமேற்கில் 'மிட்வெஸ்ட் ஸ்டூடன்ட் எக்ஸ்சேஞ்ச்' இருக்கிறது. மிசௌரி, கான்சஸ், நெப்ராஸ்கா, இண்டியானா போன்ற மாநிலங்களின் சில அரசுக் கல்லூரிகளில் இங்கும் அதே 150 சதவீத வரம்பு. மினசோட்டாவுக்கும் விஸ்கான்சினுக்கும் இடையில் தனி ஒப்பந்தமே உண்டு; அந்த இரண்டு மாநிலங்களில் ஒன்றில் இருப்பவர்கள் அதை முதலில் பார்க்க வேண்டும்.

தெற்கில் இருப்பது 'அகடமிக் காமன் மார்க்கெட்'. உங்கள் மாநில அரசுக் கல்லூரிகளில் இல்லாத ஒரு படிப்பு இன்னொரு தென்மாநிலத்தில் இருந்தால், அங்கே இன்ஸ்டேட் கட்டணத்திலேயே படிக்கலாம். ஜார்ஜியா, வர்ஜீனியா, மேரிலாண்ட், டென்னசி, தென் கரோலினா எல்லாம் இதில் உண்டு. வட கரோலினா இல்லை, டெக்சஸும் ஃபுளோரிடாவும் இளங்கலைப் படிப்புக்கு இல்லை. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது: சலுகை அந்தப் படிப்புக்கு மட்டுமே. பிள்ளை இரண்டாம் ஆண்டில் மேஜரை மாற்றினால் முழுக் கட்டணம் வந்து விழும். மனம் இன்னும் அலைபாயும் பிள்ளைக்கு இது ஏற்ற வழி கிடையாது.

நியூ இங்கிலாந்தின் ஆறு மாநிலங்களுக்கும் 1957 முதல் இப்படி ஓர் ஏற்பாடு இருக்கிறது. அதுவும் பெரும்பாலும் சொந்த மாநிலத்தில் இல்லாத படிப்புகளுக்குத்தான்.

நியூ ஜெர்சி, நியூயார்க், பென்சில்வேனியா ஆகிய மூன்றும் இந்த நான்கு கூட்டணியிலும் இல்லை. நம்மவர்கள் மிகுதியாக வாழும் மாநிலங்கள் இவை. இங்கிருப்பவர்கள் கல்லூரிகளே தனித்தனியாக வைத்திருக்கும் விதிகளைத்தான் தேட வேண்டும். நல்ல தொடக்கம் மெய்ன் பல்கலைக்கழகம்: 2016 முதல் 'ஃபிளாக்ஷிப் மேட்ச்' என்ற பெயரில், நியூ ஜெர்சி, பென்சில்வேனியா, மாசச்சூசெட்ஸ் போன்ற மாநிலங்களின் தகுதியுள்ள மாணவரிடம் அவரவர் சொந்த மாநிலத்து முதன்மைப் பல்கலைக்கழகம் வாங்கும் டியூஷன் அளவுக்கே வாங்குகிறது.

அடுத்தது தானாகக் கிடைக்கும் மெரிட். அலபாமா பல்கலைக்கழகம் இதற்குப் பேர்போனது. ஜிபிஏ, எஸ்ஏடி அல்லது ஏசிடி மதிப்பெண் இரண்டையும் வைத்து ஓர் அட்டவணை. உங்கள் பிள்ளையின் கட்டத்தில் இருக்கும் தொகை அவருக்கு. கட்டுரை எழுதிப் போட்டி போட வேண்டாம். மிசிசிப்பி ஸ்டேட், கான்சஸ், அரிசோனா போன்ற இடங்களும் இதே பாணியில் தொகையை முன்கூட்டியே சொல்லிவிடுகின்றன. அரிசோனா ஸ்டேட்டின் இணையதளத்தில் மதிப்பெண்ணைப் போட்டால் மதிப்பீடு வந்துவிடும். இந்த அட்டவணைகள் ஆண்டுதோறும் மாறும். அண்ணனுக்குக் கிடைத்த தொகை தம்பிக்கும் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். எஸ்ஏடியில் 30, 40 மதிப்பெண் கூடினால் அடுத்த கட்டத்துக்குப் போக முடியுமென்றால், மறுபடி ஒருமுறை எழுதுவது நான்கு ஆண்டில் பல ஆயிரம் டாலரை மிச்சப்படுத்தும்.

பதினொன்றாம் வகுப்பு அக்டோபரில் எழுதும் பிஎஸ்ஏடி என்ற முன்தேர்வு வழியாக நேஷனல் மெரிட் என்ற தேசிய ஸ்காலர்ஷிப் போட்டியில் ஃபைனலிஸ்ட் ஆனவர்களுக்கு அலபாமா டியூஷனோடு தங்குமிடத்தையும் சேர்த்துத் தந்துவருகிறது. டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் டாலஸ் வளாகமும் இவர்களை விரும்பி அழைக்கும். கட்-ஆஃப் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. நியூ ஜெர்சி எப்போதும் உச்சத்தில் இருக்கிறது. அமெரிக்காவுக்கு வெளியே பள்ளியில் படிப்பவர்களுக்குக் குடியுரிமை சார்ந்த நிபந்தனையும் உண்டு.

டெக்சஸில் பலருக்குத் தெரியாத ஒரு விதி இருக்கிறது. அந்த மாநில அரசுப் பல்கலைக்கழகத்தில் போட்டியின் அடிப்படையில் குறைந்தது 1,000 டாலர் ஸ்காலர்ஷிப் வாங்கிய வெளிமாநில மாணவருக்கு, பல்கலைக்கழகம் விரும்பினால், இன்ஸ்டேட் கட்டணமே போடலாம். அதாவது 1,000 டாலர் ஸ்காலர்ஷிப்பின் உண்மையான மதிப்பு அதைப்போல் பல மடங்கு. இதற்கு எண்ணிக்கை வரம்பு உண்டு, எல்லா வளாகமும் தாராளமாகத் தருவதில்லை. டாலஸ் வளாகம், டெக்சஸ் டெக் போன்ற இடங்களில் இதைப் பற்றி நேரடியாகக் கேளுங்கள்.

சலுகையே தேவைப்படாத அளவுக்கு விலை குறைவான இடங்களும் உண்டு. தொடக்கத்தில் சொன்ன வட கரோலினாக் கல்லூரிகள் இவை: வெஸ்டர்ன் கரோலினா, பெம்புரோக், எலிசபெத் சிட்டி ஸ்டேட், 2022-ல் சேர்ந்த ஃபயட்வில் ஸ்டேட். 2018 முதல் மாநில அரசு மீதித் தொகையைக் கொடுக்கிறது. வடக்கு டகோட்டாவின் மைனாட் ஸ்டேட்டில் எந்த மாநிலத்தவருக்கும் ஒரே டியூஷன். பெரிய பெயர்களில் பர்டியூவைச் சொல்லலாம்: வெளிமாநில டியூஷனும் கட்டணமும் 29,000 டாலருக்குச் சற்றுக் கீழே, 2013 முதல் உயர்த்தவே இல்லை. பொறியியல் போன்ற சில படிப்புகளுக்குத் தனிக் கட்டணம் கூடும், ஸ்காலர்ஷிப்பும் அரிது. ஆனாலும் பெயர் பெற்ற பொறியியல் கல்லூரிகளில் இவ்வளவு நிதானமான விலையைக் காண்பது அபூர்வம்.

குடும்ப வருமானம் குறைவாக இருந்தால் கணக்கே வேறு. வட கரோலினா பல்கலைக்கழகத்தின் சேப்பல் ஹில் வளாகமும் வர்ஜீனியா பல்கலைக்கழகமும் வெளிமாநில மாணவரின் தேவையையும் முழுமையாக ஈடுசெய்கின்றன. ஃபாஃப்சாவோடு சிஎஸ்எஸ் புரொஃபைல் என்ற விரிவான நிதி விவரப் படிவமும் நிரப்ப வேண்டும். நுழைவதுதான் கடினம், சேப்பல் ஹில்லில் முதலாண்டு வகுப்பில் வெளிமாநிலத்தவர் 18 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பே வைத்திருக்கிறார்கள்.

எங்கே சலுகை கிடைக்காது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் (யுசி) வளாகங்களில் வெளிமாநிலத்தவர் வழக்கமான டியூஷனுக்கு மேல் ஆண்டுக்கு 34,000 டாலருக்கும் அதிகமாகக் கூடுதல் தொகை கட்ட வேண்டும். நீட் அடிப்படையில் யுசி தரும் உதவியும் அவர்களுக்குக் கிடையாது. மிச்சிகனிலும் இல்லினாயின் அர்பானா-ஷாம்பெயினிலும் மெரிட் உதவி மிகச் சிலருக்கே. முழு விலையைக் கட்ட வசதி இருப்பவர்கள் விண்ணப்பிக்கட்டும்.

நான்காம் படி: எண்களைச் சரியான இடத்தில் தேடுவது

ஒவ்வொரு கல்லூரியும் தன் தளத்தில் நெட் பிரைஸ் கால்குலேட்டர் (உதவி போக நீங்கள் கட்ட வேண்டியதை மதிப்பிடும் கருவி) வைத்திருக்க வேண்டும் என்பது 2011 முதல் சட்டம். அதில் வெளிமாநிலம் என்று மறக்காமல் குறியுங்கள். மத்திய அரசின் காலேஜ் ஸ்கோர்கார்டு தளத்தில் அரசுப் பல்கலைக்கழகத்துக்குக் காட்டும் சராசரிச் செலவு, இன்ஸ்டேட் மாணவர்களை வைத்துப் போட்டது. அதைப் பார்த்து "ஆண்டுக்கு 17,000 தானா" என்று மகிழ்ந்தால் பிறகு அதிர்ச்சிதான். பட்டதாரிகளின் வருமானத்தை மேஜர் வாரியாகப் பார்க்க அந்தத் தளம் நல்லது.

கல்லூரியின் பெயரோடு 'காமன் டேட்டா செட்' என்று தேடினால் ஒரு நீண்ட ஆவணம் கிடைக்கும். அதில் எச் பகுதியில், நீட் இல்லாத மாணவர்களில் எத்தனை பேருக்கு மெரிட் கிடைத்தது, சராசரித் தொகை எவ்வளவு என்று இருக்கும். சி பகுதியில் அட்மிஷனுக்கு எதை எவ்வளவு பார்க்கிறார்கள் என்பதும், சமீப ஆண்டுகளில் வெளிமாநில விண்ணப்பங்களில் எத்தனை தேர்வாயின என்பதும் உண்டு. பி பகுதியில் பட்டம் பெறும் விகிதம். அதில் ஆறாண்டு விகிதத்தைக் காட்டித்தான் விளம்பரம் செய்வார்கள். நீங்கள் நான்காண்டு விகிதத்தைப் பாருங்கள். ஸ்காலர்ஷிப் பெரும்பாலும் எட்டு செமஸ்டரோடு நின்றுவிடும். ஐந்தாம் ஆண்டு என்று ஒன்று வந்தால் முழு வெளிமாநில விலையில் கட்ட வேண்டும்.

ஐந்தாம் படி: பிள்ளைக்குப் பொருந்துமா?

பொருத்தம் என்றதும் வளாகத்தின் அழகு, கால்பந்து, டார்ம் (விடுதி) அறை என்று பேச்சு போகும். அதெல்லாம் இருக்கட்டும். முதலில் கேட்க வேண்டியது, விரும்பிய மேஜரில் நேரடியாக இடம் தருகிறார்களா என்பதே. டெக்சஸ் ஏ அண்ட் எம்மில் எல்லோரும் பொதுவாகப் பொறியியலில் சேர்ந்து, முதலாண்டு முடிவில்தான் பிரிவைத் தேர்ந்தெடுக்கிறார்கள், 3.75 ஜிபிஏ இருந்தால் விரும்பியது உறுதி, இல்லாவிட்டால் போட்டி. பர்டியூவிலும் முதலாண்டுப் பொறியியல் பொதுவானது. மேரிலாண்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இட வரம்புள்ள மேஜர் ஆகிவிட்டது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் சியாட்டில் வளாகத்தில் வெளிமாநிலப் பிள்ளைக்கு அந்த மேஜர் கிடைப்பது மிக மிகக் கடினம், வேறு பிரிவில் நுழைந்து உள்ளே மாறுவதும் எளிதில்லை. "எப்படியாவது உள்ளே போய்விட்டால் மாறிக்கொள்ளலாம்" என்ற யோசனையை நம்பி வெளிமாநிலக் கட்டணம் கட்டுவது மிகவும் ஆபத்தானது.

மேஜர் முடிவாகாத பிள்ளைக்கு, மேஜர்களுக்கிடையே சுலபமாக மாற விடும் கல்லூரிதான் பொருத்தம். தரவரிசையில் அது 40 இடம் கீழே இருந்தாலும் கவலை வேண்டாம்.

ஏபி (பள்ளியிலேயே எழுதும் கல்லூரித் தரத் தேர்வு) மதிப்பெண்களுக்கு எத்தனை கிரெடிட் தருகிறார்கள் என்று ஒவ்வொரு கல்லூரியின் அட்டவணையையும் பாருங்கள். அரசுப் பல்கலைக்கழகங்கள் இதில் பொதுவாகத் தாராளம். ஒரு செமஸ்டர் முன்னதாக முடித்தால் 20,000 டாலருக்கு மேல் மிச்சமாகலாம். ஆனர்ஸ் காலேஜ் இருந்தால் அதையும் பாருங்கள்: அரிசோனா ஸ்டேட்டின் பாரெட், தென் கரோலினா பல்கலைக்கழகத்தின் ஆனர்ஸ் காலேஜ் போன்றவற்றில் சின்ன வகுப்புகள், முன்னுரிமைப் பதிவு, நல்ல வழிகாட்டல் கிடைக்கும். பெரிய கல்லூரிக்குள் ஒரு சிறிய கல்லூரி கிடைத்த மாதிரி. சில இடங்களில் இதற்குத் தனிக் கட்டணம் உண்டு.

மருத்துவம் படிக்க விரும்பும் பிள்ளை உள்ள வீட்டுக்கு ஒரு வார்த்தை. அரசு மருத்துவக் கல்லூரிகளில் பல, தங்கள் மாநிலத்தவருக்கே பெரும்பான்மை இடத்தைத் தருகின்றன. பிள்ளை வெளிமாநிலத்தில் இளங்கலை படித்தாலும், வசிப்பிடம் பெரும்பாலும் பெற்றோரின் மாநிலமாகவே இருக்கும். அங்கேதான் அவருக்கு வாய்ப்பு அதிகம். அடுத்து நான்கு ஆண்டு மருத்துவச் செலவும் இருப்பதால், இளங்கலையை இயன்றவரை மலிவாக முடிப்பதே நல்லது.

அப்புறம் அன்றாட வாழ்க்கை. விமான நிலையம் எவ்வளவு தூரம்? அலபாமாவின் டஸ்கலூசாவுக்கு பர்மிங்காமில் இறங்கி ஒரு மணி நேரம் காரில் போக வேண்டும். நன்றிசெலுத்தல் விடுமுறைக்கு டார்ம் திறந்திருக்குமா? முதலாண்டு வளாகத்திலேயே தங்க வேண்டும், சாப்பாட்டுத் திட்டமும் வாங்க வேண்டும் என்று பல இடங்களில் கட்டாயம். சைவம் சாப்பிடும் பிள்ளை என்றால் சாப்பாட்டுக்கூடத்தின் அன்றைய மெனுவை இணையத்தில் ஒரு வாரம் தொடர்ந்து பார்த்தாலே நிலைமை புரியும். உங்கள் மருத்துவக் காப்பீடு அந்த மாநிலத்தில் செல்லுமா? எச்எம்ஓ வகை என்றால் அவசரச் சிகிச்சை தவிர வேறு எதற்கும் செல்லாமல் போகலாம். அப்போது கல்லூரிக் காப்பீட்டுக்கு ஆண்டுக்குச் சில ஆயிரம் டாலர் கூடுதலாகப் போடுங்கள்.

நேரில் போய்ப் பார்க்க முடிந்தால், கோடையில் வெறிச்சோடிய வளாகத்தைப் பார்ப்பதைவிட வகுப்பு நடக்கும் நாளில் போவது மேல். பிள்ளையைத் தனியாகச் சுற்ற விடுங்கள். அந்த மேஜரில் படிக்கும் மாணவரிடம் "நீங்கள் விரும்பிய வகுப்பில் இடம் கிடைக்கிறதா, ஆலோசகரைப் பார்க்க எத்தனை நாள் ஆகிறது" என்று கேட்டால், வழிகாட்டிச் சுற்றுலாவில் சொல்லாத விஷயங்கள் வெளிவரும்.

ஆறாம் படி: பட்டியலும் காலண்டரும்

எட்டு முதல் பத்துக் கல்லூரி போதும். அதில் குறைந்தது இரண்டு, சலுகை விதிப்படி உறுதியாகி, மொத்தச் செலவு உங்கள் தொகைக்குள் அடங்கி, விரும்பிய மேஜரும் கிடைக்கும் இடங்களாக இருக்க வேண்டும். சொந்த மாநிலக் கல்லூரி ஒன்றும் கட்டாயம் வேண்டும். இவை முடிவான பிறகுதான் ஆசைப்பட்ட பெரிய பெயர்களைச் சேர்க்க வேண்டும்.

விண்ணப்பக் கடைசி நாளும் ஸ்காலர்ஷிப்புக்கான கடைசி நாளும் ஒன்றாக இருக்காது. பல கல்லூரிகளுக்குமான பொது விண்ணப்பமான காமன் ஆப் ஆகஸ்ட் 1 அன்று திறக்கும். சேப்பல் ஹில், ஜார்ஜியா போன்ற இடங்களின் முன்கூட்டிய சுற்று அக்டோபர் 15-ல் முடிகிறது. பர்டியூ, மேரிலாண்டுக்கு நவம்பர் 1. மேரிலாண்டில் அந்த நாளைத் தவறவிட்டால் மெரிட் ஸ்காலர்ஷிப்பும் கிட்டத்தட்ட கைவிட்டுப் போகும். ஆகவே கட்டுரைகளைக் கோடை விடுமுறையிலேயே எழுதி முடிப்பது நல்லது. ஃபாஃப்சா வழக்கமாக அக்டோபர் 1-ல் திறக்கும். நீட் உதவி கிடைக்காது என்று தெரிந்தாலும் போட்டு வையுங்கள். மாணவர் கடனுக்கு அது வேண்டும், மெரிட் தரவும் சில கல்லூரிகள் அதைக் கேட்கும்.

எஸ்ஏடி தேவையில்லை என்று பரவலாகப் பேசினாலும் ஜார்ஜியா டெக், பர்டியூ, ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகம், ஃபுளோரிடாவின் அரசுப் பல்கலைக்கழகங்கள் எல்லாம் ஏதேனும் ஒரு தேர்வு மதிப்பெண்ணைக் கேட்கின்றன. யுசி வளாகங்களோ கொடுத்தாலும் பார்ப்பதில்லை.

ஏழாம் படி: கடிதங்கள் வந்த பிறகு

மார்ச் இறுதிக்குள் பெரும்பாலான பதில்கள் வந்துவிடும். ஒரே தாளில் எல்லாக் கல்லூரிக்கும் ஒரே வரிசையில் எழுதுங்கள்: மொத்தச் செலவு, திருப்பிக் கட்ட வேண்டாத உதவி, மீதி. கடிதத்தில் கடனையும் உதவி என்ற தலைப்பிலேயே சேர்த்துக் காட்டுவார்கள். அதைத் தனியே பிரித்துவிடுங்கள். பிறகு புதுப்பிப்பு நிபந்தனை. 3.0 ஜிபிஏ கேட்பது வழக்கம், 3.5 கேட்டால் யோசியுங்கள். முதல் செமஸ்டர் கால்குலஸும் கெமிஸ்ட்ரியும் சேர்ந்து நல்ல பிள்ளைகளையே தடுமாற வைக்கும். ஒருமுறை இழந்த ஸ்காலர்ஷிப்பைத் திரும்பப் பெற வழி உண்டா என்றும் கேளுங்கள்.

தொகை கொஞ்சம் குறைந்தால் மரியாதையாக மறுபரிசீலனை கேட்கலாம். புதிய எஸ்ஏடி மதிப்பெண் வந்திருந்தால் சில அரசுப் பல்கலைக்கழகங்கள் மெரிட்டை உயர்த்தும். வீட்டில் யாருக்காவது வேலை போயிருந்தால், ஃபாஃப்சா பழைய வருமானத்தைக் காட்டும் என்பதால், உதவி அலுவலகத்தில் 'புரொஃபஷனல் ஜட்ஜ்மென்ட்' (சூழ்நிலையைப் பார்த்து மறுமதிப்பீடு) கோரிக்கை வைத்து வேலைநீக்கக் கடிதத்தை இணைக்க வேண்டும்.

"ஓராண்டு அங்கே படித்தால் இன்ஸ்டேட் ஆகிவிடலாம்" என்று நண்பர்கள் சொல்வார்கள். பெரும்பாலான மாநிலங்களில் நடக்காது. படிப்பதற்காக வந்தவர், பெற்றோரைச் சார்ந்தவர் என்றால் பெற்றோரின் மாநிலமே அவர் மாநிலம். 'வூயி' கட்டணத்தில் படிக்கும் காலமும் பொதுவாக வசிப்பிடக் கணக்கில் சேராது. மிசௌரி போல், 12 மாதம் தொடர்ந்து தங்கி, அந்த மாநிலத்தில் 2,000 டாலர் வருமானம் ஈட்டியவருக்கு வழிவிட்ட இடங்கள் சில உண்டு. அப்படி ஓர் இடத்தை நினைத்துப் போகிறீர்கள் என்றால், கோடையில் பிள்ளை வீட்டுக்கு வர முடியாது, அங்கேயே தங்கி வேலை பார்க்க வேண்டும் என்பதைச் சேர்த்து யோசியுங்கள். விதியைப் பதிவாளர் அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மே 1-க்குள் ஒரு கல்லூரிக்கு முன்பணம் கட்ட வேண்டும். கட்டியதும் மற்ற இடங்களுக்கு வரவில்லை என்று தெரிவித்துவிடுங்கள். காத்திருப்போர் பட்டியலில் இருக்கும் இன்னொரு பிள்ளைக்கு அந்த இடம் போகும். அகடமிக் காமன் மார்க்கெட் வழியாகச் சேருபவர்கள் சொந்த மாநிலத்திலிருந்து சான்று வாங்கி அனுப்பும் வேலையை அதோடு முடியுங்கள். உங்கள் காப்பீடு அங்கே செல்லும் என்றால், கல்லூரிக் காப்பீடு வேண்டாம் என்று விலக்குப் படிவம் நிரப்ப ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் ஒரு கெடு இருக்கும். அதைத் தவறவிட்டால் அந்தத் தொகை பில்லில் அப்படியே நின்றுவிடும்.